தடத்தில் ஊறும் தண்ணீர்

“குளத்திலேருந்துதான் வந்திருக்கு அம்மா, சந்தேகமே இல்லை” என்று சொல்லிக்கொண்டே உலகநாத ஓதுவார் மேடேறி வந்தார். மூச்சு இரைத்தது. முழங்கால் வரை சேறு.

வடிவம்மை தயிர் கடைந்துகொண்டிருந்தாள். மத்தை நிறுத்தவில்லை.

“எது?”

“குளம்பு. நீங்க குடுத்த சொல்லு.”

“ஓ.”

“சுனைக்குப் பக்கத்தில எருமை நடந்த தடத்தைப் பாத்தேன். கால் எடுத்த எடத்தில தண்ணி ஊறுது. ஒவ்வொரு தடமும் ஒரு குட்டிக் குளம். குளத்தை உண்டாக்குறது குளம்பு. எவ்வளவு அழகு, பாருங்க!”

“அழகுதான்” என்றாள் வடிவம்மை. “எருமைகிட்ட கேட்டீரா?”

ஓதுவாரின் முகம் சுருங்கிவிட்டது.

கணவாய்க்குக் கீழே, மலையைத் தாண்டுகிறவர்கள் தங்கிப் போகும் கல்மண்டபம் அது. வருகிறவர்களுக்கு வடிவம்மை மோர் கொடுப்பாள். மோர் போதாது என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல்லைக் கொடுப்பாள். அதோடு இருந்து, அது வந்த வழியைத் தெரிந்துகொண்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். ‘உப்பு’ வாங்கிய வியாபாரி மறுநாளே அழுதுகொண்டு திருப்பிக் கொடுத்தானாம். ‘கதவு’ வாங்கியவர் இன்னும் வரவில்லையாம்.

ஓதுவார் பயத்துக்கு மருந்து கேட்டு வந்தவர்.

வடிவம்மை அவரைவிடப் பத்து வயதாவது சின்னவள். அதனால் வந்த அன்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

தம்பி சாகிற அன்று மத்தியானம் கண்ணைத் திறந்து, “எருமை வந்துட்டு அண்ணே. குளம்புச் சத்தம் கேக்கலியா?” என்று கேட்டான். அப்போது ஓதுவாருக்குக் கேட்கவில்லை. அவனை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து கேட்டது. கோயில் பிரகாரத்தில் தனியே நடந்தால் பின்னால் டொக், டொக். திரும்பினால் தூண்கள்தான் நிற்கும். ஒருநாள் சந்நிதியில் பாடிக்கொண்டிருக்கும்போதே கேட்டது. பாட்டு நின்றது. அதன்பிறகு பாட்டுக்கென்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

வடிவம்மை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “குளம்பு” என்றாள்.

ஓதுவார் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“வேற சொல்லு இல்லையா அம்மா?”

“இருக்கு. உமக்கு இல்ல.”

அன்றிலிருந்து அந்தச் சொல்லோடு இருக்கிறார். எருமையோடு இல்லை. மண்டபத்துக்கென்று இருக்கிற ஒரே எருமை காரி. அது காலையில் மேய்ச்சலுக்குக் கிளம்பினால் ஓதுவார் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். அது மறைந்த பிறகு போய்த் தடத்தைப் பார்ப்பார்.

“நிறைய எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டாள் வடிவம்மை.

“என்னது?”

“உம்ம குட்டிக் குளம்.”

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர் காத்திருந்தார்.

“முதல்ல ஓரத்தில வேர்வை மாதிரி துளிக்கும். அப்புறம் நடுவில ஒரு கண்ணு திறக்கும். பிறகு கலங்கலா ஏறும். நிதானமா ஒரு பாட்டுப் பாடி முடிக்கையில நிறைஞ்சிரும். இன்னொரு பாட்டுக்குத் தெளிஞ்சிரும்.”

“பாடிப் பாத்தீரா?”

“மனசுக்குள்ள.”

வடிவம்மை மத்தில் ஒட்டிய வெண்ணெயை விரலால் வழித்தாள்.

“இந்தச் சொல்லையெல்லாம் யாரு வச்சது ஓதுவாரே?”

“முன்னோர்.”

“எந்த முன்னோர்?”

“படிச்சவங்க. புலவர்கள்.”

“காட்டுக்குப் போயி உசிரோட வீடு திரும்பினவங்க” என்றாள்.

ஓதுவாருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொன்னால் பதிலுக்கு ஒரு குவளை மோர்தான் வரும் என்பது மட்டும் தெரியும்.

“தாயீ! ஏ தாயீ!”

கீழேயிருந்து பொன்னுக்கோனின் குரல். கணவாய்ப் பக்கம் எருமை மேய்க்கிறவர். காரியும் அதன் கன்றும் அவர் மந்தையோடுதான் மேய்ந்துவிட்டு வரும். இப்போது அவர் காரியைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். அது காலை ஊன்றி ஊன்றி நின்றது. திரும்பிப் பார்த்துக் கத்தியது.

கன்றைக் காணோம்.

ஓதுவார் எழுந்து தூணுக்கு அந்தப் பக்கம் போனார்.

“நாணலுக்குள்ள நின்னுட்டு தாயீ. இவளை இழுத்தாரதுக்குள்ள என் உசிரு போயிட்டு.” பொன்னுக்கோன் தொழுவத்தில் முளைக்குச்சியில் காரியைக் கட்டினார். “சுனைக்கிட்ட எவனோ பாதையில குச்சி நட்டு வெள்ளைத்துணி கட்டி வச்சிருக்கான். பிணம் போன வழி கணக்கா. காத்துல படபடன்னு ஆடுது. முன்னால போன கிழட்டெருமை மிரண்டு கீழ எறங்கிட்டு. அம்புட்டும் அது பின்னாலேயே. சேத்துக்காடுல்லா அது! பெரிசெல்லாம் நீந்திக் கரையேறிட்டு. கண்ணு ஏறல.”

பொன்னுக்கோனின் பார்வை தூணைச் சுற்றிக்கொண்டு போய் ஓதுவாரின் வேட்டியில் நின்றது. கரையோரம் கிழிந்து கிழிந்து, வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

“அட சாமி.”

“நல்ல தடமா ஒண்ணு ரெண்டைப் பாத்து வேலி மாதிரி…” ஓதுவார் வேட்டிக் கரையைக் கீழே இழுத்துவிட்டார். “மாடு மிதிச்சு அழிச்சிரக் கூடாதேன்னு…”

“எருமைத் தடத்தை எருமை அழிச்சிரும்னு எருமைக்கு வேலி போட்டிருக்கீங்க.”

“தப்புத்தான்.”

“நல்லாத்தான் இருக்கு சாமி உங்க படிப்பு. வேற நாளா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். பெரியவர் எறங்கியிருக்காரு. முந்தாநாள் எங்க கிடாக்கண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டாரு.”

“எந்தப் பெரியவர்?”

“கோடு போட்டவரு. மலையில நின்னுக்கிட்டு அந்தப் பேரைச் சொல்லச் சொல்லாதீங்க.”

ஓதுவாருக்கு அந்தப் பேர் வாய் வரைக்கும் வந்து நின்றது.

“மந்தை நடுவழியில நிக்கி. நான் வாறேன் தாயீ” என்று பொன்னுக்கோன் இறங்கிப் போனார்.

மலைமேலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பொழுது இருந்தது. ஆனால் எதிர்ச்சரிவு அதற்குள் மறைந்துவிட்டது.

“போய்க் கண்ணைக் கூட்டிட்டு வாரும்” என்றாள் வடிவம்மை.

“நானா?”

அவள் வேட்டிக் கரையைப் பார்த்தாள்.

“அம்மா, நான் பயத்துக்கு மருந்து கேட்டு வந்தவன்.”

“தெரியும். காரியையும் கூட்டிக்கிடும்.”

“வேண்டாம்மா. அது பின்னால நடந்து வந்தா என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. நான் தனியாவே போறேன்.”

“அதுதான் உமக்கு லேசா?”

“ஆமா.”

வடிவம்மை மறுபடி கடையத் தொடங்கினாள்.

ஓதுவார் இறங்கினார். தொழுவத்தைத் தாண்டும்போது காரி அவரைப் பார்த்துக் கத்தியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதல் வளைவிலேயே மேகம் பாதைக்குள் வந்துவிட்டது. முன்னால் பாதையில் நான்கு கற்கள் தெரிந்தன. பிறகு இரண்டு. வழக்கம்போல நடந்து நடந்து காது கொடுத்தார். பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார். இன்று அதுவாவது இல்லை.

சுனையின் ஈரவாடை வந்தது. பிறகு வெள்ளைத்துணிகள் தெரிந்தன. அவர் தன் கையால் கிழித்து, அவர் முடிச்சுப் போட்டவை. மேகத்தில் குச்சி தெரியாமல் துணி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. நட்டவருக்கே திரும்பி ஓடலாம் போலிருந்தது.

நாணலுக்குள்ளிருந்து கன்று கத்தியது. பக்கத்தில்தான். சின்னக் குரல், சளி பிடித்ததுபோல.

வேலிக்குள் அவருடைய தடங்கள் நிறைந்து, தெளிந்து கிடந்தன. பாதி பாதியாகப் பிளந்த குட்டிக் குளங்கள். ஒரு பக்கம் குச்சிகள் முறிந்து சேற்றில் அமுங்கியிருந்தன. மந்தை மிரண்ட இடம். அங்கிருந்து குளம்புகள் தாறுமாறாக நாணல் பக்கம் இறங்கின. எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்து தெளிந்திருந்தது. மந்தை போய் வெகு நேரமாகிவிட்டது என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தெரிந்ததில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அந்தத் தடங்களில் ஒன்றின் மேல் வேறொரு தடம் ஏறியிருந்தது.

குனிந்தார்.

வட்டமாக இருந்தது. பிளவு இல்லை. முன்னால் நான்கு குழி. பின்னால் ஒரு மெத்தை. நகம் இல்லை. தூங்குகிற குழந்தையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து எடுத்ததுபோல, யாரோ அவ்வளவு மெதுவாக வைத்து எடுத்திருந்தார்கள்.

அவர் மனம் பழக்கத்தில் சொல்லைத் தேடியது. இது குளம்பு இல்லை. அப்படியானால் இதற்கு என்ன பெயர்? தேடித் தேடி ஒரே ஒரு சொல்தான் வந்தது. பாதம். சாமிக்கும் குருவுக்கும் சொல்கிற சொல். அதை இங்கே வைத்துப் பார்த்ததும் அவருக்குப் பிடரி மயிர் நின்றது.

தடத்தில் தண்ணீர் இல்லை.

ஓரத்தில் மட்டும் வேர்வை மாதிரி துளித்திருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் கண் திறந்தது.

ஒரு பாட்டு இல்லை. ஒரு வரி. அதுகூட இழுத்துப் பாடினால். அந்த நேரத்துக்கு முன்னால் அந்தக் கால் இங்கே இருந்திருக்கிறது. அவர் வளைவு திரும்பியபோது இருந்திருக்கிறது. துணிகளைப் பார்த்து நின்றாரே, அப்போது இருந்திருக்கிறது. அங்கே நின்று அவரைப் பார்த்திருக்கிறது.

அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

தண்ணீர் கலங்கலாக ஏறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்க அவரால் முடியவில்லை. எடுத்தால் எங்கே பார்ப்பது? சுனைத் தவளைகள் நின்றிருந்தன. எப்போது நின்றன என்று தெரியவில்லை. நாணலின் தலைகள் ஓரிடத்தில் மட்டும் அசைந்தன. காற்று இல்லை. கன்று மறுபடி கத்தியது. அசைவு நின்றது. பிறகு கன்று கத்திய பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது.

ஓடச் சொன்னது உடம்பு. கால் கேட்கவில்லை.

அப்போது பின்னால் கேட்டது.

டொக்.

கல்லின் மேல். டொக். டொக்.

பிரகாரத்தில் கேட்டதைப் போல இல்லை. அது காதுக்குள் கேட்கும். இது வெளியே, பாதையில், மேகத்துக்குள்ளிருந்து, அவசரமில்லாமல் வந்தது. கூடவே இன்னொன்றும் கேட்டது. தரையில் கயிறு இழுபடும் சத்தம்.

தம்பி கயிற்றைப் பற்றிச் சொல்லவே இல்லை.

ஓதுவார் வாயைத் திறந்தார். காற்று வந்தது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணை இறுக்கிக்கொண்டார். முன்னால் சத்தமில்லாதது. பின்னால் சத்தம். இரண்டுக்கும் நடுவில் தான் ஒரு கைப்பிடி ஈரத்துணி மாதிரிக் கிடப்பதாகத் தோன்றியது.

டொக். கயிறு. டொக்.

நின்றது.

பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு மறுபடி பட்டது. சாணமும் பாலும் நனைந்த தோலும் கலந்த வாடை அடித்தது.

கண்ணைத் திறந்தார்.

காரி.

அதன் கழுத்துக் கயிற்றின் நுனியில் தொழுவத்து முளைக்குச்சி, மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. காரி அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலாக நாணலைப் பார்த்தது. ஒருமுறை சீறியது. தலையைத் தாழ்த்திக் கொம்பை முன்னால் கொண்டுவந்தது. அவரைத் தாண்டி நடந்தது. குளம்பு அவர் தொடையை உரசிக்கொண்டு சேற்றில் இறங்கியது. சளக் என்றது. அந்தப் புதுத் தடத்தின் மேலேயே இறங்கியது.

கயிறு அவர் பக்கத்தில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் போனால் நுனி. அது போய்விட்டால் அவரும் சுனையும்தான்.

பிடித்தார்.

காரி இழுத்தது. எழுந்தாரா, இழுபட்டாரா என்று அவருக்குத் தெரியாது. நாணல் முகத்தில் அடித்தது. முன்னால் காரி கொம்பால் ஒதுக்கிக்கொண்டே போனது. ஒருமுறை நின்றது. பெரிதாக அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டது. அதற்கு முன்னால், பத்து முழத்தில், நாணலின் தலைகள் ஒரு கோடாகச் சாய்ந்தன. கோடு மேட்டுப் பக்கம் போனது. சாய்ந்தவை ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவ்வளவுதான். ஒரு இலைகூட முறியவில்லை.

கன்று வயிறு வரை சேற்றில் இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டது.

ஓதுவார் முளைக்குச்சியை அவிழ்த்து எறிந்தார். கயிற்று நுனியைக் கன்றின் நெஞ்சைச் சுற்றிப் போட்டு, பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார். காரியின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் நின்றுதான் இதையெல்லாம் செய்தார். பிறகு தொடையில் தட்டினார். “நட தாயி. நட.” காரி நடந்தது. அவர் கன்றின் வாலடியில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். சேறு பெரிய முத்தம் கொடுத்ததுபோல ஒரு சத்தத்தோடு விட்டது.

கரையேறியதும் கன்றின் முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

திரும்பும்போது காரி முன்னால், அவர் நடுவில், கன்று பின்னால். மேகம் அப்படியே இருந்தது. காரியின் வால் மட்டும் தெரிந்தது. பின்னால் கன்றின் கால் கல்லில் படும் சத்தம் வந்துகொண்டிருந்தது. சின்னச் சத்தம். தயங்கித் தயங்கி.

பாதி வழியில் அது நின்றது.

ஓதுவாரின் நெஞ்சும் அதோடு நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கயிற்றைப் பிடித்துக் காரியை நிறுத்தினார். காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

வெகு நேரம் மேகம்தான் இருந்தது.

பிறகு கேட்டது. டொக். டொக். ஓடி வந்து அவர் முழங்கால் மடிப்பில் மூக்கை முட்டியது.

நடந்தார். அதன்பிறகு அது இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் அவர் நின்று, கேட்ட பிறகே நடந்தார். மேட்டுக்குக் கீழே வரும்போது தன் வாய்க்குள் ஏதோ முனகல் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. எந்தப் பாட்டு என்று கவனிக்கவில்லை. நின்றால் கன்றும் நின்றுவிடுமோ என்று அதை நிறுத்தாமல் வந்தார்.

மண்டபத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வடிவம்மை படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று சொல்ல முடியாது. மேல்சேலை முழுக்க மேகம் முத்து முத்தாக ஒட்டியிருந்தது.

“முளையைப் பிடுங்கிட்டாளே” என்றாள். “நான் நேத்துத்தான் புதுசா அடிச்சேன்.”

ஓதுவார் காரியைத் தொழுவத்துக்கு நடத்தினார்.

காரி தொழுவத்தில் நின்றது. கன்று மடிக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. காரி ஒரு பின்னங்காலை மட்டும் ஊன்றாமல், நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தது.

வடிவம்மை சொல்லைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. வந்த அன்று சொல்லைக் கொடுத்தபோதும் அவள் இப்படித்தான் கையை நீட்டினாள்.

“குளத்திலேருந்துதான் வந்ததா ஓதுவாரே?”

அவர் காரியின் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். கனமாக இருந்தது. சூடாகவும் இருந்தது. பெருவிரலால் சேற்றை வழித்தார். இரண்டு பிளவுக்கும் நடுவே ஒரு மூங்கில் குச்சி முறிந்து ஏறியிருந்தது. அதில் ஒரு நூல் வெள்ளைத்துணி.

மெல்ல ஆட்டி ஆட்டி உருவினார். காரி தோலைச் சிலிர்த்தது. உதைக்கவில்லை.

வடிவம்மை நீட்டிய கையால் மத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

ஓதுவார் அடுத்த காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.